கைமாறிப் பரவும் மென்பொருள்: பேக்கேஜ் போடும்போது நாங்கள் செய்த தவறுகள்

யாங்கூனில் மென்பொருள் பெரும்பாலும் கைமாறித்தான் பரவுகிறது. ஒருவர் பென் டிரைவில் வாங்கிப் போவார், அவரிடமிருந்து அக்கா மகன், அங்கிருந்து செல்போன் கடை. நாங்கள் ஐந்து பேர் ஓய்வு நேரத்தில் செய்த தமிழ்ச் சொற்பயிற்சிச் செயலியும் அப்படித்தான் ஊர் சுற்றியது. பிழையோடு வெளியே போனதைத் திரும்பக் கூப்பிட வழியில்லை.

முதல் தவறு, நிறுவும்போது இணையத்தைத் தேடும் பேக்கேஜ் (செயலியை நிறுவத் தேவையான கோப்புகளின் கட்டு). ஞாயிறு தமிழ் வகுப்பில் ஒரு பழைய மடிக்கணினியில் போட்டோம். பாதியில் கரண்ட் போனது. பேட்டரியில் கணினி ஓடியது, வைஃபை இல்லை, நிறுவி அப்படியே நின்றது. எங்கள் கணினிகளில் ஏற்கெனவே இருந்த ஒரு நூலகத்தை, அதாவது செயலி இயங்கத் தேவையான ஒரு துணை நிரல் தொகுப்பை, பேக்கேஜில் சேர்க்க மறந்திருந்தோம். இப்போது புதிதாக நிறுவிய கணினியில், இணையத்தை அணைத்துவிட்டுத்தான் சோதிக்கிறோம். (டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் மென்பொருள் களஞ்சியத்துக்கு அனுப்புவதாக இருந்தால் கதை வேறு. அங்கே நூலகங்களை உள்ளே திணிக்காமல் தனிப் பேக்கேஜாகச் சார்ந்திருக்க வேண்டும்.)

அடுத்தது எழுத்துரு. இங்கே பல பிள்ளைகளுக்குத் தமிழைவிட பர்மிய எழுத்து சரளம், அதனால் மெனுவைப் பர்மியத்தில் வைத்தோம். 2019 அக்டோபர் 1 அன்று மியான்மர் அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு, அதாவது எழுத்துகளுக்கான உலகப் பொதுக் குறியீட்டுக்கு, மாறியது. ஆனால் பழைய கருவிகளில் ஜாவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு இன்னும் குடியிருக்கிறது. இரண்டும் ஒரே குறியெண்களை வேறு வேறு விதமாகப் பயன்படுத்துவதால் மெனு கலைந்த கோலம்போலத் தெரிந்தது. நோட்டோ சான்ஸ் மியான்மர் எழுத்துருவை அதன் உரிமக் கோப்போடு உள்ளேயே வைத்து, அதையே பயன்படுத்தும்படி நிரலில் சொன்ன பிறகுதான் சரியானது.

உரிமம் என்றதும் இன்னொன்று. அடுத்தவர் எழுதி, ஜிபிஎல் (மூல நிரலையும் தரச் சொல்லும் திறந்த மூல உரிமம்) கீழ் வெளியிட்ட நூலகத்தைச் சேர்த்திருந்தால், மூல நிரலையும் அதே பென் டிரைவில் போட்டுவிடுங்கள். கேட்டால் தருகிறோம் என்று எழுதிக் கொடுக்கவும் வழி உண்டு, ஆனால் அந்த வாக்கு குறைந்தது 3 ஆண்டுகள் செல்ல வேண்டும். தன்னார்வக் குழுவுக்கு அவ்வளவு ஆயுசா?

எல்லாவற்றிலும் பெரிய அடி கையொப்பச் சாவி, அதாவது செயலி எங்களுடையதுதான் என்று காட்டும் ரகசியக் கோப்பு. ஆண்ட்ராய்டில் முதல் பதிப்பில் போட்ட அதே சாவியால் கையொப்பமிடாத புதிய பதிப்பு, பழையதன்மேல் ஏறாது. எங்கள் சாவி ஒரே நண்பரின் மடிக்கணினியில் இருந்தது. அவர் வேலைக்காகச் சிங்கப்பூர் கிளம்பும் முன் அதை ஃபார்மட் செய்து தம்பிக்குக் கொடுத்துவிட்டார். திட்டவும் முடியவில்லை, யாரும் சொல்லவில்லையே! பழைய செயலியை நீக்கிவிட்டுப் புதியதைப் போடச் சொன்னோம். பிள்ளைகள் சேர்த்து வைத்திருந்த சொற்பட்டியல்கள் அதோடு போயின. இப்போது சாவி மூன்று பேரிடம் இருக்கிறது, கடவுச்சொல் தனியாக ஒரு நோட்டுப் புத்தகத்தில்.