என்சிஏஏ தீர்ப்பைப் படிக்கும் முறை

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணி விதியை மீறி மாட்டினால், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ தண்டனை கொடுக்கும். செய்தியில் அபராதத் தொகைதான் கொட்டை எழுத்தில் வரும். அதை விடுங்கள். டென்னசி பல்கலைக்கழகத்துக்கு 2023-ல் 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதம், ஆனால் பவுல் ஆட்டத் (சீசன் முடிந்ததும் நல்ல அணிகள் ஆடும் பெரிய ஆட்டம்) தடை இல்லை. அவ்வளவு பணம் புரளும் இடத்தில் இதெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

முதலில் ஸ்காலர்ஷிப் வெட்டைத் தேடுங்கள், அதாவது ஆட்டக்காரர்களுக்கு உதவித்தொகை கொடுத்துச் சேர்க்கும் இடங்களைக் குறைப்பது. 2010-ல் யுஎஸ்சிக்கு (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மூன்று ஆண்டுகளில் 30 இடங்கள் போயின, கூடவே இரண்டு சீசன் பவுல் தடை. தடை முடிந்த பிறகும் பெஞ்சில் ஆளில்லாமல் திண்டாடினார்கள். நிஜமாக வலிப்பது இதுதான்.

அடுத்து, கோச் பெயருக்கு நேரே 'ஷோ-காஸ்' இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அவரை வேலைக்கு எடுக்கும் அடுத்த கல்லூரியும் என்சிஏஏவிடம் விளக்கம் சொல்ல வேண்டும். டென்னசி கோச் ஜெரமி ப்ரூயிட்டுக்கு ஆறு ஆண்டுகள்.

பழைய வெற்றிகளை ரத்து செய்திருந்தால் சும்மா தாண்டிப் போங்கள். தோற்ற அணிக்கு அந்த வெற்றி போகாது. பென் ஸ்டேட்டின் 112 வெற்றிகளை 2012-ல் அழித்தார்கள், 2015-ல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்!

'மரண தண்டனை' என்று யாராவது எழுதினால் எஸ்எம்யூவை (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்ததற்காக 1987 சீசனே ரத்து. 1988-ல் கல்லூரியே ஆடவில்லை. 1989-ல் திரும்பி வந்து ஹூஸ்டனிடம் 95-21 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது.