உண்ணி மருந்துக்குப் பிறகு நாய் இறந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்

தெள்ளுப்பூச்சிக்கோ உண்ணிக்கோ மருந்து போட்ட அன்றோ மறுநாளோ வீட்டு நாய் வலிப்பு வந்து இறந்துபோனால், அழுகை ஓய்வதற்கு முன்பே "அந்த மருந்துதான் கொன்றுவிட்டதா?" என்ற கேள்வி எழுந்துவிடும். அதற்கு விடை சொல்லக்கூடிய சான்றுகள் பெரும்பாலும் முதல் நாளில்தான் கைவசம் இருக்கும். அன்றே கைநழுவியும் போய்விடும். பிள்ளைகள் பார்க்க வேண்டாம் என்று உடலை அவசரமாகப் புதைத்துவிடுகிறோம், ஆத்திரத்தில் மருந்துப் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடுகிறோம், எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்பது இரண்டே நாளில் குழம்பிவிடுகிறது. பெற்ற பிள்ளைபோல வளர்த்த உயிரைப் பறிகொடுத்தவரிடம் இந்த நேரத்தில் நிதானமாக இருங்கள் என்று சொல்வது கொடுமையாகத் தோன்றலாம். ஆனாலும் இறந்த நாய்க்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளவும், வீட்டில் இருக்கும் மற்ற உயிர்களைக் காக்கவும் இதைத் தவிர வேறு வழி இல்லை.

முதலில் உயிரோடு இருப்பவற்றைக் கவனியுங்கள். அதே மருந்து இன்னொரு நாய்க்கும் தோலில் போடப்பட்டிருந்து, அது நல்ல நினைவோடு இருந்தால், கையுறை அணிந்துகொண்டு, பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு இரண்டு முறை நன்றாகக் கழுவி, துவட்டி, குளிர் தாக்காமல் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். மாத்திரையாகக் கொடுத்த மருந்தைக் குளிப்பாட்டி அகற்ற முடியாது. நடுங்குகிற, தள்ளாடுகிற விலங்கின் வாயில் பால், எண்ணெய், உப்புநீர் எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் நஞ்சைவிட விரைவாகக் கொன்றுவிடும். வீட்டில் பூனை இருந்தால் அதை உடனே தனி அறையில் விடுங்கள். நாய் தாங்கிக்கொள்ளும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனையின் கல்லீரலால் முறித்து வெளியேற்ற முடியாது. மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுப்பதும் அதன் முதுகை நக்குவதும்கூடப் பூனைக்கு ஆபத்தாகலாம்.

அடுத்ததைப் பலரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை. எச்சில் வடிதல், தள்ளாட்டம், வலிப்பு, மரணம் என்ற இதே வரிசை வெறிநோயிலும் வரும். தடுப்பூசி முறையாகப் போடப்படாத நாயாக இருந்தாலோ, கடந்த சில மாதங்களில் தெருநாயோடு சண்டையிட்டிருந்தாலோ, மருந்தின் மேல் எவ்வளவு சந்தேகம் இருந்தாலும் வெறிநோயையும் கணக்கில் கொள்ளுங்கள். அதன் எச்சில் பட்ட காயங்களைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். நாயின் உடலைக் கையாளப்போகும் மருத்துவரிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இனி உடலைப் பற்றி. காரணத்தை அறிய விரும்பினால் பிரேதப் பரிசோதனை தேவை, அதுவும் 24 மணி நேரத்துக்குள் நடப்பது நல்லது. நம் ஊர் வெயிலில் உள்ளுறுப்புகள் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கிவிடும். எனவே கழுவாமல், தடித்த பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றி, அதற்கு வெளியே வயிற்றையும் மார்பையும் ஒட்டிப் பனிக்கட்டிப் பொட்டலங்களை அடுக்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். உறைகலத்தில் வைத்து இறுகச் செய்துவிடக் கூடாது. உறைந்த உடலில் செல்கள் சிதைந்துவிடுவதால் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியதைச் சரியாகப் பார்க்க முடியாமல் போகும். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் இருப்பவைபோன்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் நோய்க்குறியியல் துறையை அணுகலாம். தொலைவில் இருப்பவர்கள் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் கேட்கலாம். புறப்படும் முன் தொலைபேசியில் பேசி, எந்த நேரத்தில் வரலாம், கட்டணம் எவ்வளவு, அறிக்கை எழுத்தில் கிடைக்குமா, உடலைத் திருப்பித் தருவார்களா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பரிசோதிக்கும் மருத்துவரிடம் ஒரு வேண்டுகோளைத் தயங்காமல் வையுங்கள். திசுக்கூறு பார்ப்பதற்கான துண்டுகள், உறுப்புகள் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போகும். நஞ்சு தேடுவதற்கான இரைப்பை உணவு, கல்லீரல், சிறுநீரகம், மூளை, மருந்து பட்ட இடத்து முடியும் தோலும் ஃபார்மலின் படாமல் தனித்தனியே உறையவைக்கப்பட வேண்டும். இந்த இரண்டாவது தொகுதியை எடுத்து வைக்காவிட்டால் பின்னால் எந்த ஆய்வகமும் உதவ முடியாது. இன்னொன்றையும் அறிந்திருங்கள்: எல்லா நஞ்சையும் ஒரே வீச்சில் கண்டுபிடிக்கும் சோதனை என்று ஒன்று கிடையாது. எந்த வேதிப்பொருளைத் தேடுவது என்று நாம்தான் சொல்ல வேண்டும், அதனால்தான் மருந்தின் பெட்டி உடலுக்கு இணையான சான்றாகிறது.

பெட்டி, பாட்டில், காலி அட்டை, உள்ளே இருந்த துண்டுத்தாள், கடை ரசீது அனைத்தையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள். மருந்தின் பொதுப்பெயர், செறிவு, பேட்ச் எண், காலாவதி தேதி ஆகியவை தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். எஞ்சிய மருந்தை மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள். பிறகு ஒரு தாளில், மருந்து போட்ட நேரம், போட்ட அளவு, நாயின் எடை, முதல் அறிகுறி தென்பட்ட நேரம், அது எப்படி இருந்தது, அந்த மாதத்தில் கொடுத்த பிற மருந்துகள், கடைசியாகச் சாப்பிட்டது ஆகியவற்றை வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுங்கள். "திடீரென்று ஒரு மாதிரி ஆகிவிட்டது" என்பதைவிட, "பின்னங்கால் இழுத்தது, கண்பாவை விரிந்திருந்தது, ஈறு வெளுத்திருந்தது" என்று எழுதினால் மருத்துவருக்கு அதில் பாதி விடை கிடைத்துவிடும்.

ஏனென்றால் ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு விதமாகக் கெடுதல் செய்கிறது. உண்ணியைக் கொல்லத் தோலில் போடும் அமிட்ராஸ் அளவு மீறினால் நாய் மயங்கிச் சரியும், இதயத் துடிப்பு குறையும், உடல் குளிர்ந்துவிடும், இரத்தச் சர்க்கரை ஏறும். இதற்கு யோஹிம்பைன், அட்டிபமிசோல் என்ற முறிமருந்துகள் உண்டு. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி நஞ்சில் எச்சிலும் கண்ணீரும் பெருகி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டு, கண்பாவை ஊசிமுனைபோல் சுருங்கும், அதற்கு அட்ரோபின். இந்த அட்ரோபினையே அமிட்ராஸ் நஞ்சேறிய நாய்க்குக் கொடுப்பது உகந்ததல்ல என்பதால், பெயர் தெரியாத மருந்தோடு வரும் நாய்க்குச் சிகிச்சை செய்வது மருத்துவருக்கும் சங்கடமே. டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகளால் நடுக்கமும் வலிப்பும் வரும். அவற்றுக்கு முறிமருந்து இல்லை, அறிகுறிகளை அடக்கித்தான் காப்பாற்ற வேண்டும். ஒட்டுண்ணிகளைக் கொல்லும் ஐவர்மெக்டினால் தள்ளாட்டமும் பார்வை இழப்பும் ஆழ்ந்த மயக்கமும் ஏற்படலாம், எம்.டி.ஆர்.1 என்ற மரபணுவில் பழுதுள்ள கோலி போன்ற இனங்களில் மற்ற நாய்கள் எளிதில் தாங்கும் அளவே உயிருக்கு உலைவைத்துவிடும்.

மாத்திரைகளாக வரும் ஃப்ளூரலேனர், அஃபாக்சோலேனர், சரோலேனர், லோட்டிலேனர் ஆகியவை ஐசாக்சசோலின் என்ற ஒரே குடும்பம். இவற்றால் சில நாய்களுக்குத் தசை நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரக்கூடும் என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில் எச்சரித்தது. பெரும்பாலான நாய்களுக்கு இவை பாதுகாப்பானவை என்றும் அதே அறிக்கை கூறியது. முன்பு வலிப்பு வந்த நாய்க்கு இவற்றைக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நம் ஊரில் நான் அதிகம் அஞ்சுவது மாத்திரைகளை அல்ல, மாட்டுக்கு வாங்கிய மருந்தை நாய்க்குப் பயன்படுத்தும் வழக்கத்தைத்தான். 12.5 சதவீத அமிட்ராஸை லிட்டர் தண்ணீருக்கு 2 மி.லி. கலந்தால் 0.025 சதவீதக் கரைசல் கிடைக்கும். அதையே 10 மி.லி. பிடிக்கும் மூடியால் "ஒரு மூடி" என்று அளந்து ஊற்றினால் ஐந்து மடங்காகிவிடுகிறது, நக்காமல் தடுக்கக் கழுத்தில் கூம்பும் கட்டாவிட்டால் அது வயிற்றுக்குள்ளும் போகிறது. 1 சதவீத ஐவர்மெக்டின் ஊசியில் ஒரு மி.லி.க்கு 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. பத்துக் கிலோ நாய்க்கு அதில் ஒரு மி.லி. என்பது கிலோவுக்கு ஒரு மில்லிகிராம், பழுதுள்ள மரபணு கொண்ட கோலிக்கு அதில் பத்தில் ஒரு பங்கே ஆபத்து.

இவ்வளவு சொன்ன பிறகும், மருந்துக்குப் பின் இறந்தது என்பதாலேயே மருந்தால் இறந்தது என்று ஆகிவிடாது. நாய் மேல் உண்ணிகள் மொய்ப்பதைப் பார்த்துத்தான் மருந்து வாங்குகிறோம். அதே உண்ணிகள், உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் எர்லிக்கியா, பேபிசியா என்ற கிருமிகளில் ஒன்றை அதற்கு முன்பே இரத்தத்தில் ஏற்றியிருக்கலாம். கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் எழும்பும் நேரமும் நாம் மருந்து போடும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுவது உண்டு. வெளுத்த ஈறு, காப்பி நிறச் சிறுநீர், மூக்கில் இரத்தம், மருந்து போடுவதற்கு முன்பே சோறு தின்னாமல் கிடந்தது ஆகியவை உண்ணிக் காய்ச்சலின் பக்கம் கைகாட்டும். எலி மருந்தும் பாம்புக்கடியும்கூட இப்படித் தற்செயலாக அதே நாளில் நேரலாம். பரிசோதனை அறிக்கை "உறுதியாகக் கூற இயலவில்லை" என்று வந்தாலும் மனம் தளர வேண்டாம். வேறு காரணங்கள் விலக்கப்பட்டன என்பதும் ஒரு விடைதான்.

அறிக்கை வரும்வரை காத்திராமல், மருந்தின் மேல் அச்சிட்ட முகவரிக்கு நடந்ததை எழுதி அனுப்புங்கள். சிகிச்சை பார்த்த மருத்துவரின் குறிப்பும் பேட்ச் எண்ணும் இருந்தால் நிறுவனம் அதைத் தட்டிக்கழிப்பது கடினம். விலங்கு மருந்துகள் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்கீழ் வருவதால், போலி அல்லது கெட்டுப்போன மருந்து என்று சந்தேகித்தால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் செய்யலாம். கடைக்காரர் காலாவதியான சரக்கை விற்றிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்; நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. சமூக ஊடகத்தில் மருத்துவரின் பெயரைப் போட்டுக் குற்றம் சாட்டுவதை மட்டும் அறிக்கை வரும்வரை தள்ளிப்போடுங்கள்.

வீட்டுக்குள் இதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. மருந்தைத் தன் கையால் போட்டவர்தான் இந்தத் துயரத்தில் எல்லோரையும்விட அதிகம் நொறுங்கிப்போவார். "நீதானே போட்டாய்" என்று யாரும், கோபத்தில்கூட, சொல்லிவிடக் கூடாது. அந்த ஒரு வார்த்தை ஆண்டுக்கணக்கில் மனத்தைவிட்டு அகலாது. உண்ணி எடுக்க வேண்டும் என்று அவர் நினைத்தது அதன் மேல் இருந்த அக்கறையால்தான் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் "ஊருக்குப் போயிருக்கிறது" என்று மறைக்க வேண்டாம்; உடம்பு தாங்காமல் இறந்துவிட்டது, மருத்துவர் காரணத்தைத் தேடுகிறார் என்று அவர்கள் வயதுக்கேற்பச் சொல்லிவிட்டால் அவர்களும் விடைகொடுக்க முடியும். உடலைப் புதைப்பதாக இருந்தால் கிணற்றுக்கும் நீர்நிலைக்கும் எட்டத்தில், தெருநாய்கள் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள்.

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால், பயத்தில் உண்ணி மருந்தையே கைவிட்டுவிடாதீர்கள். உண்ணிக் காய்ச்சல் பலி வாங்கும் நோய். எந்த மருந்தைத் தவிர்ப்பது, எதைக் கொடுப்பது, எவ்வளவு இடைவெளி விடுவது என்பதை இறந்த நாயின் அறிக்கையைக் காட்டி மருத்துவரிடமே கேளுங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடைப்பொறியில் ஏறி, பிறகு தனியே ஏறி, கழித்துப் பார்த்தால் எடை கிடைத்துவிடும். கண்மதிப்பை நம்ப வேண்டாம். புது மருந்தை மருத்துவமனை திறந்திருக்கும் வேலைநாள் காலையில் கொடுங்கள், அன்று யாராவது வீட்டில் இருங்கள், அதே வாரத்தில் குடற்புழு மருந்தையோ வேறு உண்ணி மருந்தையோ சேர்க்காதீர்கள். இரவில் அழைத்தால் எடுக்கக்கூடிய ஒரு மருத்துவரின் எண்ணை, பேட்ச் எண் எழுதிய தாளோடு சேர்த்துக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள்.