பாமினி வினாத்தாளைப் போன் வாசிக்க வைப்பது எப்படி?

தங்கை மகள் பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பார்வை அறவே கிடையாது. பாடங்களைப் போனில் கேட்டுத்தான் படிக்கிறாள். அரையாண்டுத் தேர்வுக்கு முன் டியூஷனிலிருந்து ஒரு மாதிரி வினாத்தாள் பிடிஎஃப் கோப்பாக வந்தது. "மாமா, போன் ஏபிசிடி ஒப்பிக்கிறது" என்றாள். வாங்கிப் பார்த்தேன். திரையில் அச்சடித்தாற்போலத் தமிழ். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதியை இரண்டு நாள் குடைந்து ஏமாந்த பிறகுதான் குற்றம் போனில் இல்லை, பாமினி என்ற பழைய எழுத்துருவில் என்று புரிந்தது.

போன் வாங்குவது, கூகுள் கணக்குத் தொடங்குவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

1. டாக்பேக்

செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதற்குள் டாக்பேக். இயக்குவதற்கு முன் அதன் சுருக்குவழியை இயக்கி வையுங்கள். ஒலியைக் கூட்டும், குறைக்கும் பொத்தான்களைச் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் அணையும். இது தெரியாமல் இயக்கிவிட்டு, போன் கெட்டுவிட்டதென்று வண்ணார்பேட்டை சர்வீஸ் கடை வரை போய் வந்தவன் நான். டாக்பேக் ஓடும்போது ஒரு தட்டு வாசிக்கும், இரு தட்டு திறக்கும், நகர்த்த இரண்டு விரல் வேண்டும்.

2. தமிழ்க் குரல்

அங்கேயே டெக்ஸ்ட் டு ஸ்பீச் பகுதியில் கூகுள் குரலைத் தேர்ந்து, தமிழ்க் குரல் தரவை இறக்கிக்கொள்ளுங்கள். இணையம் இல்லாதபோதும் பேசும். கம்பியுள்ள இயர்போன் வாங்குங்கள். புளூடூத்தில் தட்டியதற்கும் கேட்பதற்கும் இடையில் வரும் சிறு தாமதம் பிள்ளையின் பொறுமையைச் சோதிக்கும். ஆனித் தேரோட்ட வாரத்தில் திருநெல்வேலி டவுனில் இருப்பவர்களுக்கு இயர்போனின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

3. கோப்பைச் சோதிப்பது

என்னைக் கவிழ்த்த இடம் இதுதான். கோப்பில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே விழுந்தால் யூனிகோடு, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு; கவலை இல்லை. வரியைத் தேர்வு செய்யவே முடியாவிட்டால் அது வெறும் படம். ஆங்கில எழுத்துகள் விழுந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துரு.

பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் கிடப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் போட்டுக் காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. நம் கண் வேடத்தைப் பார்க்கிறது; டாக்பேக் உள்ளே இருப்பதை வாசிக்கிறது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. டைப்பிங் கடை விரல்களுக்கு அந்த ஆணை இன்னும் வந்து சேரவில்லை.

4. மாற்றுவது

பிடிஎஃப் வேண்டாம், மூல வேர்டு கோப்பைக் கேட்டு வாங்குங்கள். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் "அதெல்லாம் கொடுக்கிறதில்லை சார்" என்றார்கள். எதற்கென்று விளக்கியதும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். கணினியில் என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் பாமினியைத் தேர்ந்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். இலவசம், இணையத்தில் ஒட்டி மாற்றும் தளங்களைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

படமாக இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி, கணினியில் அதன்மேல் வலது சொடுக்கு போட்டு கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாகும். படம் நேராகவும் 2 எம்பிக்குள்ளும் இருக்கட்டும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் இதற்குப் போங்கள். பிழை திருத்தியே விடிந்துவிடும்.

5. கேட்பதற்கு ஏற்றபடி ஒழுங்குசெய்வது

கோடிட்ட இடத்தில் இருக்கும் கோட்டை எடுத்துவிட்டு 'கோடிட்ட இடம்' என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் 'அண்டர்ஸ்கோர், அண்டர்ஸ்கோர்' என்று காது புளிக்கும். 'பொருத்துக' இரண்டு பத்தியாக இருந்தால் குறுக்கே கலந்து வாசிக்கும். இடப்பக்கம் முழுவதையும் முதலில், வலப்பக்கத்தை அதன் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு முழுத்தாளையும் ஒருமுறை நீங்களே கேளுங்கள். மூன்றாவது கேள்வியிலேயே திருத்த வேண்டியது தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை: அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருந்தார்: மாற்றிய அறிவியல் தாளில் 'டிஎன்ஏ' இருந்த இடத்தில் பொருளில்லாத தமிழ் வருகிறதாம். ஆமாம், கன்வெர்ட்டருக்கு உண்மையான ஆங்கிலமும் பாமினியும் ஒன்றுதான், அகப்பட்டதையெல்லாம் தமிழாக்கிவிடும். மாற்றும் முன் ஆங்கிலச் சொற்களைத் தனித்தாளில் குறித்துக்கொண்டு, மாற்றிய பின் கையால் அடித்துவிடுங்கள். கணக்குத் தாளைப் பற்றியும் கேட்டிருந்தார். பின்னத்தையும் வர்க்கமூலத்தையும் நான் இப்போதைக்கு 'மூன்றின் கீழ் நான்கு' என்பதைத் தவிர்த்து 'நான்கில் மூன்று' என்ற கணக்கில் சொல்லாகவே எழுதிக் கொடுக்கிறேன். முதலில் 'கீழ்' போட்டதில் எது மேல், எது கீழ் என்று எங்கள் வீட்டிலேயே சண்டை.