வண்டியில் போன்: ஓட்டுபவரும் அழைப்பவரும் செய்யும் தவறுகள்

“வண்டிலதான் இருக்கேன், பரவாயில்ல, சொல்லு” என்று குரல் கேட்டதும் போனை வைத்துவிடுகிறவர்கள் குறைவு. பெரும்பாலோர் பேச்சைத் தொடர்கிறோம். போனில் கண்ணை வைத்தபடி நம்மை உரசிப் போகிறவர்மீது வரும் கோபம் நியாயமானது. எனக்கும் தினமும் வருகிறது. ஆனால் அவரோடு பேசிக்கொண்டிருப்பவர் வீட்டிலோ அலுவலகத்திலோ பத்திரமாக உட்கார்ந்திருக்கிறார். அவரையும் சேர்த்துத்தான் இதைப் பேச வேண்டும்.

பலரும் செய்யும் பெரிய தவறு, புளூடூத்தில் பேசினால் ஆபத்தில்லை என்று நம்புவது. கனடாவின் டொராண்டோவில் நடந்து, 1997இல் வெளியான ஆய்வு, போனில் பேசும்போது விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு என்று கண்டது. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கு அது குறைந்ததாகத் தெரியவில்லை. காரணம் எளிது. பக்கத்து சீட்டில் இருப்பவர் சாலையைப் பார்க்கிறார். பஸ் குறுக்கே வந்தால் பேச்சு தானாக நின்றுவிடும், “பார்த்து, பார்த்து” என்பார். போனில் இருப்பவருக்கு அந்த பஸ் தெரியாது. வாடகை பாக்கி, பையனின் மார்க், ஆபீஸ் தகராறு என்று பேசிக்கொண்டே இருப்பார். ஓட்டுபவரின் கண் திறந்திருக்கும், கவனமோ வாடகைக் கணக்கில் இருக்கும்.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் வாட்ஸ்அப் பார்ப்பது இன்னொன்று. போனைப் பைக்குள் போட்டதும் மனம் சாலைக்குத் திரும்பிவிடும் என்று நினைக்கிறோம். குரல் கட்டளையால் இயக்கும் கார் கருவிகளை வைத்து அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தினர் 2015இல் செய்த ஆய்வில், வேலை முடிந்த பிறகும் 27 நொடி வரை கவனச்சிதறல் நீடித்தது. 40 கி.மீ. வேகத்தில் 27 நொடி என்றால் 300 மீட்டர். பச்சை விழுந்தும் சாலையைக் கடந்து முடிக்காத பாட்டி அந்தத் தொலைவின் முதல் சில அடிகளிலேயே இருக்கிறார்.

டூ வீலரில் நிலைமை இன்னும் மோசம். ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகுகிறவர்களும், தோளில் இடுக்கிக் கழுத்தைச் சாய்த்து ஓட்டுகிறவர்களும் ஊர் முழுக்க இருக்கிறார்கள். கழுத்து சாய்ந்தால் ஒரு பக்கக் கண்ணாடியைப் பார்க்கவே முடியாது. வேகத்தடையில் போன் நழுவினால் கை தன்னிச்சையாக ஹேண்டில்பாரை விட்டுவிடும்.

உணவு டெலிவரி செய்பவர்களை மட்டும் நான் இந்தக் கணக்கில் அப்படியே சேர்க்க மாட்டேன். ஓடும் வண்டியில் ஆர்டர் வருகிறது, குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏற்காவிட்டால் வருமானம் போகிறது. அது செயலியை வடிவமைத்தவர்கள் செய்யும் தவறு. நாம் செய்யக்கூடியது, முகவரியோடு அடையாளத்தையும் தெளிவாக எழுதிவிட்டு, “எங்க இருக்கீங்க?” என்று அவரை அழைக்காமல் இருப்பது.

மேப் பார்ப்பது குற்றமா என்றால், இல்லை. கவனம் சிதறாத வகையில் வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 2020இல் திருத்தப்பட்டன. கிளம்பும் முன்பே இடத்தைப் போட்டுவிட வேண்டும்; ஓட்டிக்கொண்டே தட்டச்சு செய்வது அந்த விலக்கில் வராது. கையில் பிடித்துப் பேசினால் தமிழ்நாட்டில் 2022 அறிவிப்பின்படி முதல் முறை 1,000 ரூபாய், மறுமுறை 10,000 ரூபாய் அபராதம்.

கோபத்தில் செய்யும் தவறுகளும் உண்டு. துரத்திப் போய்த் திட்டுவது, பின்னால் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிப்பது, இவை ஏற்கெனவே தடுமாறுகிற ஒருவரை இன்னும் தடுமாற வைக்கும். அவரைப் படம்பிடிக்க ஓடும் பைக்கில் நம் போனை எடுத்தால் சாலையில் ஆபத்து இரண்டாகும். தள்ளிப்போக விட்டு இடைவெளி வைத்துக்கொள்வதுதான் நமக்குப் பாதுகாப்பு. ஆனால் ஆட்டோவிலோ காரிலோ பயணியாக இருந்தால் வாய்மூடி இருக்கக் கூடாது. “அண்ணா, ஓரமா நிறுத்திப் பேசிட்டு வாங்க, நான் வெயிட் பண்றேன்” என்று தன்மையாகச் சொன்னால் பெரும்பாலும் போனை வைத்துவிடுவார்கள்.

அழைப்பவர் பக்கத்துக்கு வருகிறேன். வண்டியில் இருப்பதாகச் சொன்னால், “சரி, இறங்கிட்டு கூப்பிடு” என்று நாமே வைத்துவிட வேண்டும். அவர் வைக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அம்மாவோ மேலதிகாரியோ பேசும்போது பலரால் வைக்க முடியாது. அவசரம் என்றால் என்ன செய்வது என்று வீட்டில் முன்பே பேசி வையுங்கள். ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் தொந்தரவு செய்யாத நிலையைப் போட்டிருந்தாலும், ஒரே எண்ணிலிருந்து அடுத்தடுத்து இரண்டு முறை வரும் அழைப்பை மட்டும் ஒலிக்க விடும் வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டு, இரண்டாவது அழைப்பு ஒலித்தால் மட்டும் ஓரங்கட்டி எடுப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.