இடைக்காலத் தடை மனுவில் சாதக பாதகம் காட்டும்போது நேரும் தவறுகள்

உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 39, விதி 1, 2-இன் கீழ் வரும் மனுக்களில் பெரும்பாலும் இப்படி ஒரே வரிதான் இருக்கும்: "சாதக பாதகச் சமநிலை மனுதாரர் பக்கமே உள்ளது." இது வாதம் ஆகாது. தடை தராவிட்டால் வாதிக்கு என்ன போகும், தந்தால் பிரதிவாதிக்கு என்ன போகும் என்று இரண்டையும் நீதிபதி ஒப்பிடுவார். இரண்டாவதை நீங்கள் எழுதாமல் விட்டால் எதிர்தரப்பு தன் எதிருரையில் பெரிதாக எழுதும், பதில் சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது.

தாமதம்தான் அதிகம் கெடுப்பது. தகராறு நிலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் அஸ்திவாரம் தோண்டும்போதே நீங்கள் நீதிமன்றத்துக்கு வந்தால், நிறுத்துவதால் அவருக்குப் பெரிய இழப்பில்லை. மேல்தளம் போட்ட பிறகு வந்தால் அவர் போட்ட பணம் முழுதும் அவர் பக்கம் எடை சேர்க்கும். வாண்டர் எதிர் ஆண்டாக்ஸ் வழக்கில் (1990) உச்ச நீதிமன்றமும், பிரதிவாதி தொழிலை ஏற்கெனவே நடத்திக்கொண்டிருக்கிறாரா, இனிமேல்தான் தொடங்கப்போகிறாரா என்பதைப் பொறுத்து அணுகுமுறை மாறும் என்றது. எனவே வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தேதியுள்ள படங்களோடு காட்டுங்கள். கட்டளை 26, விதி 9-இன் கீழ் வழக்கறிஞர் ஆணையரை (இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞரை) நியமிக்கவும் அதே நாளில் மனுப் போடுங்கள். முழுத் தடை கிடைக்காது என்று தோன்றினால், கட்டியதைக் காட்டிப் பிறகு சலுகை கேட்கமாட்டேன் என்று பிரதிவாதியிடம் உறுதிமொழி வாங்கும்படி மாற்றுக் கோரிக்கை வையுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

ஒரு பத்தியில் "ரூ.3 லட்சம் நஷ்டம்" என்றும் அடுத்த பத்தியில் "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்றும் எழுதாதீர்கள். கணக்கிட முடிகிற நஷ்டம் என்றால் இழப்பீடு போதுமே என்று நீதிபதி கேட்பார். முதல்நோக்கில் வழக்கே நிற்காதபோது சாதக பாதகம் மட்டும் காப்பாற்றவும் செய்யாது.

எதிர்தரப்புக்கு நோட்டீஸ் இல்லாமல் தடை வாங்கினால் கட்டளை 39-இன் விதி 3-ஐ மறக்காதீர்கள். மனு, பிரமாணப் பத்திரம், வழக்குரை, ஆவண நகல்கள் எல்லாவற்றையும் எதிர்தரப்புக்கு உடனே பதிவுத் தபாலிலோ நேரிலோ சேர்க்க வேண்டும். சேர்த்ததற்கான பிரமாணப் பத்திரத்தை அன்றோ மறுநாளோ தாக்கல் செய்ய வேண்டும். முக்கிய விவரத்தில் தெரிந்தே பொய் சொல்லி வாங்கிய தடையை விதி 4 ரத்து செய்யும்.

பிரதிவாதிகளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிரிவு 148A-இன் கீழ் போட்ட கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடக்கூடாது என்று முன்கூட்டியே போடும் மனு) 90 நாள்தான் நிற்கும். வழக்கு வரும் என்ற அச்சம் தீரவில்லை என்றால், அதற்குள் புதிதாகப் போடுங்கள்.