முத்துலட்சுமி ரெட்டியின் பொதுவாழ்வு: காலவரிசை அட்டவணை தயாரிக்கும் முறை

சேலத்துப் பள்ளிகளில் மகளிர் நாள் கண்காட்சிக்குச் சுவரொட்டி தயாரிக்கும் மாணவியருக்காக மருத்துவரும் சமூகச் சீர்திருத்தவாதியுமான முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி இதை எழுதுகிறேன். இணையத்தில் தேடவும் எக்செலில் தட்டச்சு செய்யவும் தெரிந்திருந்தால் போதும்.

முதல் படி, தேடுதல். அவர் பெயரை மட்டும் இட்டால், அப்பெயரைத் தாங்கிய அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் விண்ணப்பப் பக்கங்களே வரிசையாக வந்து நிற்கும். ஏற்காட்டு மலைக்கிராமங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லும் தாய்மார்கள் இப்பெயரை அத்திட்டத்தின் வழியாகவே கேட்டிருப்பார்கள். ஆகவே பெயருடன் ‘புதுக்கோட்டை’ (அவர் பிறந்த ஊர்), ‘அவ்வை இல்லம்’ (ஆதரவற்ற பெண்களுக்காக அவர் தொடங்கிய இல்லம்), ‘தேவதாசி ஒழிப்பு’ (பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் வழக்கத்தை ஒழித்தல்) ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்துத் தேடுங்கள். விக்கிப்பீடியாவைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் கொண்டு, பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை நாடுவதே என் விருப்பம்.

இரண்டாம் படி, அட்டவணை. ஆண்டு, பதவி, பணி என மூன்று பத்திகள் இடுங்கள். இடையில் வரிசை சேர்ப்பது எளிது என்பதால் வேர்டைவிட எக்செல் நல்லது. ஆனால் 1900க்கு முந்தைய நாள்களை எக்செல் தேதியாக ஏற்காது, 30.7.1886 என்ற பிறந்தநாளை இட்டால் அது வெறும் எழுத்தாகவே நிற்கும், வரிசைப்படுத்தும்போது இடம் மாறும். ஆண்டை மட்டும் எண்ணாக இட்டால் இச்சிக்கல் இல்லை. 1912இல் மருத்துவப் பட்டம், 1927இல் சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவர், 1930இல் காந்தி சிறைப்பட்டதைக் கண்டித்துப் பதவி விலகல், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1956இல் பத்மபூஷண், 1968இல் மறைவு என்பவை எளிதில் நிரம்பிவிடும். அவர் சபைக்குத் தேர்தல் வழியாக அன்றி நியமனத்தின் வழியாகவே வந்தார் என்பதைப் பதவிப் பத்தியில் மறவாமல் எழுதுங்கள். அன்று மாகாணத்துக்கு ஒரே அவைதான் இருந்தது. மேலவை 1937இல்தான் வந்தது.

மூன்றாம் படியில்தான் அதிக நேரம் செலவாகும். ‘தேவதாசி ஒழிப்புச் சட்டம்’ என்று ஒரே வரியில் எழுதி, அதன் எதிரே 1929 என்றோ 1930 என்றோ 1947 என்றோ ஏதேனும் ஓர் ஆண்டைப் போட்டுவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. மூன்று ஆண்டுகளுமே சரியானவை. ஆனால் மூன்றும் வெவ்வேறு நிகழ்வுகள். அவர் முயற்சியால் 1929இல் இந்து சமய அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டு, கோயில் பணிக்காகத் தேவதாசியர் அனுபவித்த மானிய நிலங்கள் அப்பணிக் கட்டாயத்திலிருந்து விடுபட்டன. பொட்டுக்கட்டுதல் என்னும் அந்த அர்ப்பணிப்புச் சடங்கையே தடை செய்யும் மசோதாவை அவர் 1930இல் கொண்டுவந்தார். அதே ஆண்டில் பதவியை விட்டதால் அது சபையில் அவர் கையை விட்டு நழுவியது. தடைச் சட்டம் நிறைவேறியது 1947இல், ஓமந்தூரார் முதல்வராக இருந்தபோது. எனவே சட்டங்களுக்கு மட்டும் ‘முன்மொழிந்தது’, ‘நிறைவேறியது’ என இரண்டு கூடுதல் பத்திகள் இடுங்கள். அப்போதுதான் பதவி விலகிப் பதினேழு ஆண்டுகள் கழித்து அவர் கேட்ட சட்டம் வந்தது என்பது பார்ப்பவருக்குத் தெரியும். குழந்தை மணத் தடைக்கான 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் மத்திய சட்டசபையில் நிறைவேறியது. அதை அவர் ஆதரித்துப் பேசியதாகப் பணிப் பத்தியில் எழுதலாமே தவிர, அவர் இயற்றியதாக எழுதக் கூடாது.

பின்சேர்க்கை: உள்ளூர்ப் பெண் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் இதே அட்டவணையைப் பயன்படுத்தலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அங்கே பெயர்க் குழப்பம் காத்திருக்கிறது. 2013 டிசம்பரில் நடந்த ஏற்காடு இடைத்தேர்தலில் வென்றவர் பெ. சரோஜா, முன்னர் இராசிபுரம் மக்களவை உறுப்பினராகவும் 2016 முதல் 2021 வரை சமூக நலத்துறை அமைச்சராகவும் இருந்தவர் மருத்துவர் வெ. சரோஜா. இருவரும் அ.தி.மு.க.வினர், இருவர் தொகுதிகளும் பக்கத்துப் பக்கத்து வட்டாரங்கள். பெயருக்குப் பக்கத்தில் முன்னெழுத்து, தொகுதி, தேர்தல் ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதிய பிறகே அடுத்த வரிசைக்குச் செல்லுங்கள்.