கம்பி மத்தாப்பு எப்படி எரியுது, எப்படி கொளுத்தணும்?

தீபாவளிக்கு சின்னப் பசங்க கையில முதல்ல கொடுக்கறது கம்பி மத்தாப்பு தான். ஆனா அதுல எது சுடும், எது பெருசா சுடாதுன்னு நிறைய பேர் தலைகீழா நினைச்சிட்டு இருக்காங்க, பொறிய பாத்து பயப்படுறோம், எரிஞ்சு முடிஞ்ச கம்பிய கண்டுக்கறதே இல்ல.

முதல்ல கையில ஒரு மத்தாப்ப எடுத்துப் பாருங்க. உள்ள இரும்புக் கம்பி, மேல சாம்பல் கலர்ல மருந்து. சிவகாசியில கம்பிங்கள சட்டத்துல வரிசையா செருகி, மருந்துக் கூழ்ல முக்கி, வெயில்ல காயவச்சு, மறுபடி முக்கி எடுப்பாங்க. அந்த மருந்துல அலுமினியத் தூள் இருக்கும், வெள்ளை வெளிச்சம் அதோடது. இரும்புத் தூள் இருக்கும், பொறி அதோடது. சூடானா ஆக்சிஜன விடுற உப்பு ஒண்ணு, எல்லாத்தையும் கம்பியில ஒட்டிப் பிடிக்க டெக்ஸ்ட்ரின் மாதிரி பசை ஒண்ணு. உப்புக்கு ரொம்ப காலமா பேரியம் நைட்ரேட் தான் போட்டாங்க, 2018ல சுப்ரீம் கோர்ட் பேரியத்துக்கு தடை போட்டு, புகை குறைவா விடுற பசுமைப் பட்டாசுக்கு தான் அனுமதின்னு சொன்னது. (இத வீட்ல கலந்து பாக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, உயிர் போற விஷயம்.)

இப்ப கொளுத்தலாம். காட்டன் துணி போட்டுக்கோங்க, நைலான் வேண்டாம், தீ பட்டா உருகி தோல்ல ஒட்டிக்கும். வாசல்லயோ மாடியிலயோ, பக்கத்துல ஒரு பக்கெட் தண்ணி. ஊதுபத்தி கங்கு பெரும்பாலும் பத்தாது, மெழுகுவர்த்தியோ அகல் விளக்கோ வேணும். கம்பி நுனிய சாய்வா சுடர்ல காட்டி பொறுமையா இருங்க, நமுத்திருந்தா இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும், அதுக்காக குனிஞ்சு மூஞ்சிய கிட்ட கொண்டு போகாதீங்க.

பிடிச்சதும் கைய நீட்டி, உடம்ப விட்டு தள்ளிப் பிடிங்க. நுனி கீழ தொங்கினா நெருப்பு கைப்பக்கமா ஏறும், நேரா மேல நீட்டினா பொறி கையிலயே விழும், அதனால கொஞ்சம் சாய்வு போதும். மருந்து ஒவ்வொரு அடுக்கா எரிஞ்சு பக்கத்து அடுக்க பத்தவைக்குது, அதான் டமார்னு வெடிக்காம நிதானமா நகருது. பொறின்னா அது தெறிச்சு வெளிய வர்ற இரும்புத் துணுக்கு, காத்துல இருக்கிற ஆக்சிஜனோட எரிஞ்சுக்கிட்டே பறக்கும், உள்ள இருக்கிற கார்பன் வெடிக்கிறப்ப தான் பூ மாதிரி கிளை பிரியும். பட்டறையில இரும்ப கிரைண்டர்ல வச்சா வர்ற பொறியும் இதே தான். துணுக்கு ரொம்ப சின்னது, எவ்ளோ சூடா இருந்தாலும் அது சுமக்கிற வெப்பம் கொஞ்சம் தான், தோல்ல பட்டா சுருக்குனு குத்திட்டு அணைஞ்சிரும். கண்ணுக்குள்ள போனா மட்டும் கதையே வேற.

ஆனா எரியிற இடத்துல சூடு 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல, அந்த சூட்ட கம்பி வாங்கி வச்சுக்குது. வெளிச்சம் போனதும் கறுப்பா கிடக்கும், பாத்தா ஆறின மாதிரியே தெரியும், பசங்க வெறுங்கால்ல மிதிக்கறது இதைத் தான். முடிஞ்ச உடனே தண்ணி பக்கெட்ல போடுங்க, அந்த ‘சொய்ங்’ சத்தத்த கேக்கவே பசங்க ஓடி வந்து போடுவாங்க, பழக்கம் தன்னால வந்துரும்.

ஒருத்தர் மத்தாப்புல இன்னொருத்தர் பத்தவைக்கிறப்ப ரெண்டு பேர் கையும் நெருப்புக்கு கிட்ட வந்துரும், முடிஞ்ச வரைக்கும் விளக்குலயே பத்தவைங்க. பல மத்தாப்ப சேர்த்து கட்டி கொளுத்தவே கூடாது, சூடு ஒண்ணா சேர்ந்து மொத்தமும் ஒரே நொடியில எரியும், வெடிக்கவும் செய்யும். கைக்குழந்தைய இடுப்புல வச்சிக்கிட்டு மத்தாப்பு பிடிக்காதீங்க, அந்தக் கை எப்ப நீளும்னு சொல்ல முடியாது.

சுட்டுருச்சுன்னா பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவாதீங்க. குழாய்த் தண்ணிய திறந்து விட்டு 20 நிமிஷம் காட்டுங்க, ஐஸ் வேண்டாம், கொப்புளத்த உடைக்காதீங்க, கண்ணுல பட்டிருந்தா தேய்க்காம நேரா டாக்டர்கிட்ட போங்க.